ஆர்சி புக்கோடு அந்த மஞ்சப்பையும்

வடுகபட்டி சந்தையில் பூண்டு வாங்க வருகிறவர்கள் சாக்கின் மேலே கிடப்பதைப் பார்ப்பதில்லை. வாயைப் பிரித்ததும் முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் இருப்பதை ஒரு பிடி அள்ளுகிறார்கள். தோலை உரித்து, பல்லை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு ஆரம்பிக்கிறது. பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை எனக் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் விளையும் மலைப்பூண்டு வந்து இறங்கும் இடம் இது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. வடமாநிலப் பூண்டும் லாரியில் வந்து பக்கத்துக் கடையிலேயே குவிகிறது. இரண்டையும் வாசத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிற மனிதர்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நாங்கள் வந்த வேலையைப் பார்க்கப் போனோம்.

வந்தது பூண்டுக்கு அல்ல. பெரியகுளத்தில் இருந்து வைகை அணைக்குப் போகும் சாலையில், வராக நதிப் பாசனத்து வயல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் இந்த ஊரில் ஒரு பழைய கேரவன் விலைக்கு இருப்பதாக நண்பருக்குத் தகவல். பணி ஓய்வு பெற்றவர். மனைவியோடு தென்னாட்டுக் கோயில்களையெல்லாம் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும், கண்ட லாட்ஜில் தங்கக் கூடாது என்பது அவருடைய நெடுநாள் ஆசை. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். திண்டுக்கல்லில் பஸ் ஏறி வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாக வந்து இறங்கியிருந்தோம்.

கேரவன் என்றதும் நம் ஆட்களுக்கு சினிமாதான் ஞாபகம் வரும். பாரதிராஜாவும் இளையராஜாவும் பிறந்த இந்தத் தேனி மாவட்டத்தில் படப்பிடிப்பு வண்டிகளைப் பார்க்காதவர்கள் குறைவு. நடிகர்கள் ஒப்பனை போட்டுக்கொள்ளும் அந்த வண்டி வேறு. நண்பர் தேடியது குடும்பம் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிடுகிற வண்டி. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, சின்னக் கழிப்பறை, கூரையில் சோலார் தகடு. மேலை நாடுகளில் இது பெரிய தொழில். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இலேயே ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் வீட்டை அமைக்கத் தொடங்கிவிட்டது. நம் பக்கம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது. கேரள அரசு 2021இல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது; அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. குமுளி ஏறிவிட்டால் வாகமண் ஒரு மலைப்பயணம்தான்.

நம்மூரில் கிடைக்கும் கேரவன்களில் பெரும்பாலானவை முழுதாக ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை அல்ல. வேன் ஒரு கம்பெனி. உள்ளே வீடு கட்டியவர் ஒரு பாடி பில்டர். இன்வெர்ட்டர் ஒருவர், பேட்டரி ஒருவர், சோலார் சார்ஜர் வேறொருவர், குளிர்பெட்டி இன்னொருவர். நாங்கள் பார்க்கப் போன வண்டியும் அப்படித்தான். அடிப்படை டிராவலர் வேன். 1987இல் பஜாஜ் டெம்போ 'டெம்போ டிராவலர்' என்று விட்டது. கம்பெனி பெயர் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியும் ஊர் வாயில் அது இன்னும் டெம்போ டிராவலர்தான். இந்த வேனை இடது கையால் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக் தேனி ஜில்லாவில் தெருவுக்கு ஒருவர் உண்டு. உள்ளே இருக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு மெக்கானிக் கிடையாது. பழைய கேரவன் வாங்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

வீட்டுத் திண்ணையை ஒட்டிய தகரக் கொட்டகையில் வண்டி நின்றது. நல்ல பராமரிப்பு, துரு கண்ணில் படவில்லை. விற்கிறவர் முப்பது வயதுக்காரர், பூண்டு வியாபாரக் குடும்பம். "அப்பா ஆசைப்பட்டு வாங்குனதுண்ணே. அவரு போனப்பறம் ஓட்ட ஆளில்ல. நின்னா வண்டி கெட்டுப் போயிரும்" என்றார். நண்பர் டயரை உதைத்துப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார். எல்லாரும் செய்கிற காரியங்கள். நான் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, வண்டியோட புத்தகமெல்லாம் இருக்கா?"

ஆர்சி புக்கை எடுத்து நீட்டினார். இன்சூரன்ஸ் பேப்பரும் இருந்தது. "இதில்லப்பா, மேனுவல் புக்கு" என்றதும் அவர் யோசிக்க, உள்ளே இருந்து அவருடைய அம்மா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். "அவுக எழுதி வச்சதும் இதுலதேன் இருக்கு. வண்டியக் குடுக்கையில இதையுஞ் சேத்துக் குடுத்துரணும்னு சொல்லிட்டேதேன் போனாக."

பையைத் திண்ணையில் கவிழ்த்தோம். வேனின் ஓனர்ஸ் மேனுவல். அட்டையில் ஆயில் கை பட்ட தடம். முத்திரை குத்திய சர்வீஸ் கூப்பன்கள். இன்வெர்ட்டர் கையேடு. சோலார் சார்ஜ் கன்ட்ரோலருக்கு உள்ளங்கை அளவில் ஒரு மடிப்புத்தாள். எழுத்து எறும்பு சைஸ். குளிர்பெட்டிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஒவ்வொரு தாள். கேஸ் ரெகுலேட்டர் ரசீது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

அந்த நோட்டை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கணக்கு எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் தேதி, நடுவில் விவரம், வலது ஓரம் ரூபாய். முதல் பக்கத்தில் பியூஸ் பெட்டியின் படம், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு: "1 – உள் லைட். 2 – பேன். 3 – தண்ணி மோட்டார், 10 ஆம்பியர்தான் போடணும். 4 – காலி." அடுத்த பக்கத்தில் தண்ணீர்க் குழாய் எந்தப் பலகைக்குப் பின்னால் எப்படிப் போகிறது, வால்வு எங்கே என்று படம். அதற்கடுத்து, பேட்டரியில் இருந்து புறப்படும் வயர்களின் நிறம். பாடி பில்டர் தந்திருக்க வேண்டிய வயரிங் படத்தை, தராததால் இவரே ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்து வரைந்திருக்கிறார். எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்பது வியாபாரிகள் சொல். அதை வண்டிக்கும் பொருத்தி வாழ்ந்த மனிதர்.

மகன் எங்களோடு வர, வண்டியைக் குமுளி வரை ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். கிளம்பும் முன் திண்ணையிலேயே இரண்டு வேலையை முடித்தோம். ஒன்று, சேஸிஸ் நம்பர். தகட்டில் இருப்பதும் ஆர்சியில் இருப்பதும் ஒன்றுதானா, மேனுவல் அந்த மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதுதானா என்று பார்த்தோம். இது சின்ன விஷயமல்ல. நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்று புகை விதி மாறியபோதெல்லாம் ஒரே பெயருள்ள வண்டிக்குள் எஞ்சினும் சென்சாரும் மாறியிருக்கின்றன. பிஎஸ்-6 டீசல் வண்டிகள் பலவற்றில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில், புகையைச் சுத்தப்படுத்தும் டிஇஎஃப் திரவத்துக்குத் தனி டேங்க் இருக்கும். பழைய மேனுவலை வைத்துக்கொண்டு புது வண்டியைப் பார்க்கிறவருக்கு அந்த மூடி எதற்கென்றே தெரியாது. அதில் டீசலை ஊற்றினால் ஆகும் செலவு வண்டி விலையில் ஒரு பங்கு.

இரண்டாவது, ஆர்சியில் வண்டியின் வகை என்னவென்று போட்டிருக்கிறது என்பது. பயணிகள் வேனாகப் பதிவான வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துவிட்டு ஆர்டிஓவிடம் பதியாமல் விட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். வண்டியின் உருவத்தை ஆர்சி விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிற பிரிவு அது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டும் பக்கமும் அதுதான். மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்று ஒரு தர விதி இருக்கிறது. இந்த வண்டியின் ஆர்சியில் கேம்பர் வேன் என்று ஒழுங்காகப் பதிந்திருந்தார்கள்; அந்த ஆர்டிஓ ஒப்புதலின் நகலும் நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருந்தது.

பெரியகுளம் போகிற வழியில் லாரிகள் எடை போடும் எடைமேடையில் வண்டியை ஏற்றச் சொன்னேன். தம்பி சிரித்தார். எடை போடுகிறவரும், "இதுல என்ன லோடு அண்ணே?" என்று கேட்டார். லோடு இருக்கிறது. வேன் கம்பெனி மேனுவலின் கடைசிப் பக்கங்களில் வண்டியின் வெற்று எடையும், எல்லாம் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்ற எடையும் போட்டிருப்பார்கள். பயணிகளுக்காகக் கணக்குப் போட்ட வண்டி அது. அதில் பிளைவுட் அலமாரி, பேட்டரி, குளிர்பெட்டி, கூரை ஏசி என்று ஏற்றிய பிறகு என்ன மிச்சம் என்று எந்த பாடி பில்டரும் சொல்வதில்லை. தண்ணீர்த் தொட்டி நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. எடைச்சீட்டில் இருந்ததை மேனுவலில் உள்ள எண்ணில் இருந்து கழித்துப் பார்த்தோம். நான்கு பேரும் துணிமணியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டாலும் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. நண்பர் முகத்தில் அப்போதுதான் முதல் நிம்மதி. டயரின் பக்கச் சுவரில் உள்ள நாலு எண்ணையும் படித்தோம். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். காற்று எவ்வளவு என்பதற்கு மேனுவலில் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று, லோடு இருந்தால் ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. பங்க் பையன்கள் நாலுக்கும் ஒரே காற்றை அடித்துவிடுவார்கள்.

தேனியில் பிரேக் பார்க்க ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். இந்தப் பள்ளத்தாக்கின் மெக்கானிக்குகள் ஜீப்பில் வளர்ந்தவர்கள். விடிகாலையில் கம்பத்திலும் போடியிலும் நின்று பார்த்தால் தெரியும். இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப்புகள் மலையேறும். அந்த ஜீப்பின் மூதாதையான வில்லிஸ் வண்டிக்கு அமெரிக்க ராணுவம் 1944இல் டிஎம் 9-803 என்று ஒரு கையேடு போட்டது. எந்த மூலையிலும் எந்தச் சிப்பாயும் பிரித்துப் பூட்ட வேண்டும் என்று படம் படமாக எழுதிய புத்தகம். போர் முடிந்து இத்தனை பத்தாண்டுகள் ஆன நிலையிலும் பழைய ஜீப்பைச் சீர்செய்கிறவர்கள் அதை மறுஅச்சில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மகிந்திரா 1940களின் இறுதியில் இங்கே ஜீப் பூட்டத் தொடங்கிய பிறகு அந்த அறிவு மெல்ல நம் மெக்கானிக்குகளின் கைக்குள் இறங்கிவிட்டது. அவர்களுக்கு இப்போது புத்தகம் தேவைப்படாது.

ஒர்க்‌ஷாப் பெரியவரும் அப்படித்தான் சொன்னார். "புத்தகத்தப் பாத்தா தம்பி வண்டி ஓடுது? கையில வரணும்." வீல் டிரம்மைக் கழற்றி, லைனிங்கைத் தடவிப் பார்த்து, "இன்னும் ஓடும்" என்று சொல்ல அவருக்கு எந்தத் தாளும் வேண்டியிருக்கவில்லை. பிரேக் ஆயிலை மட்டும் மாற்றச் சொன்னார். நோட்டைப் புரட்டியபோது கடைசியாக மாற்றிய தேதிக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கை சொன்னதையே நோட்டும் சொன்னது. பிறகு உள்ளே ஏறி கட்டிலுக்கு அடியில் இருந்த வயர் கற்றையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏம்பா, இதுக்கு அந்தக் கட்டம் போட்ட பேப்பரு எதுவும் இருக்கா?" என்று கேட்டார். நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்று படித்துவிட்டு, "வரஞ்சவரு மெக்கானிக்கா?" என்றார். பூண்டு வியாபாரி என்றதும் நோட்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

ஜி.டி.நாயுடு இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டியே எஞ்சினைக் கற்றுக்கொண்டார் என்பது கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அது கண்ணுக்குத் தெரிகிற இரும்பு. பல்சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று பார்த்தாலே புரியும். சார்ஜ் கன்ட்ரோலரைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பலகையும் கறுப்புச் சில்லும்தான் இருக்கும். அதைச் செய்தவன் எழுதி வைத்தால் ஒழிய அது என்ன நினைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கையறிவும் ஏட்டறிவும் போட்டி போடுகிற விஷயம் இல்லை இது. ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குகிறது.

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் இந்தத் தடத்தில் வண்டி ஓட்டுவதே சுகம். இரண்டு பக்கமும் தென்னை, வாழை, நெல். மேற்கே மலை கூடவே வருகிறது. கம்பத்துக்கு அருகே தம்பியின் உறவினர் திராட்சைத் தோட்டத்தில் மதிய வெயிலுக்கு ஒதுங்கினோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில் கருத்துத் தொங்கியது. பந்தலுக்கு வெளியே வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, பேனைப் போட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது உள்ளே எல்லாம் அணைந்தது. பேன் நின்றது, குளிர்பெட்டி நின்றது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு மினுக்கி ஓர் எழுத்தும் எண்ணும் தெரிந்தன.

"பேட்டரி போச்சு" என்றார் தம்பி. "ரெண்டு வருசந்தேன் ஆச்சு, பெரிய வெலண்ணே அது." நண்பர் முகம் வாடியது. இந்த இடத்தில்தான் பல பழைய கேரவன் வியாபாரங்கள் முறியும். அல்லது வாங்கியவர் தேவையே இல்லாமல் ஒரு புதுப் பேட்டரிக்குக் காசு அழுவார்.

மடிப்புத்தாளைப் பிரித்தோம். போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. அந்தக் குறிக்கு நேரே, பேட்டரி முனையில் மின்னழுத்தம் எல்லை மீறியது என்று இருந்தது. தீர்ந்துபோன பேட்டரிக்கு அழுத்தம் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும்? நோட்டைப் புரட்டினோம். கடைசிக்கு முந்திய பக்கத்தில், தேதி போட்டு: "பழைய ஆசிட் பேட்டரி எடுத்துட்டு லித்தியம் பேட்டரி போட்டது." ரசீதும் பின் குத்தியிருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் நடுங்கிய எழுத்தில்: "சார்ஜர் செட்டிங் மாத்தணுமாம். கேக்கணும்." அதோடு நோட்டு முடிகிறது.

விஷயம் பிடிபட்டது. ஆசிட் பேட்டரிக்குச் சார்ஜ் செய்யும் முறை வேறு. அதன் தட்டுகளில் படியும் உப்பைக் கரைக்க, அவ்வப்போது அழுத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு கட்டமும் அதில் உண்டு. லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. தனக்குள் இருக்கும் காவல் பலகையால் தன்னையே துண்டித்துக்கொண்டுவிடும். பேட்டரி கழன்றதும் தகட்டில் இருந்து வரும் மின்சாரம் போக இடமில்லாமல் அழுத்தம் எகிறி, கன்ட்ரோலர் சிவப்பு காட்டுகிறது. பேட்டரி சாகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி வகையை எப்படி மாற்றுவது என்று அதே தாளில் நான்கு வரி இருந்தது. முதலில் சோலார் தகட்டு இணைப்பைக் கழற்று. திரும்ப மாட்டும்போது பேட்டரியை முதலில் மாட்டு, தகட்டைக் கடைசியில் மாட்டு. பொத்தானை அமுக்கிப் பிடி, திரை மினுக்கியதும் வகையைத் தேர்ந்தெடு. தம்பிதான் செய்தார். பேன் சுற்றத் தொடங்கியதும் அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு, "மாத்தியாச்சு" என்று எழுதினார்.

கேஸ் அடுப்பையும் அங்கேயே சோதித்தோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் அறைக்குக் காற்றுத் துளை தரைமட்டத்தில் இருக்க வேண்டும். துளை இருந்தது, யாரோ மிதியடி போட்டு மூடியிருந்தார்கள். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பார்கள். வாங்கிய தேதி அந்த ரெகுலேட்டர் ரசீதில் கிடைத்தது. குழாய் மாற்றும் வயதுக்கு வந்திருந்தது.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப். பென்னிகுக் மணிமண்டபத்தில் இறங்கி வணங்கிவிட்டுத்தான் மலையேறினோம். 1895இல் பெரியாறு அணையை முடித்துக் கொடுத்தவர் அவர். அவரோடு வேலை பார்த்த பொறியாளர் ஏ.டி.மெக்கன்சி, அணை கட்டிய கதையை 1899இல் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவை, காட்டுக்குள் பொருள் கொண்டுபோன வழி, வெள்ளம் அடித்துப்போன பருவங்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அணையைப் பற்றி இன்று யார் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் பேச முடியாது. கட்டியவர்கள் எழுதியும் வைத்தார்கள். நான்கு பேர் படுக்கிற ஒரு சின்ன வண்டியைக் கட்டுகிறவர்களிடம் நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்பது அதிகப்படியா?

குமுளி மலைப்பாதை நீளமில்லை, ஆனால் செங்குத்து. நீர்மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது கியரில் ஏறினோம். குமுளியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். இறங்கும்போதுதான் வண்டியின் உண்மையான சோதனை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிற வழக்கம் இந்தப் பாதையில் பல காலமாக உண்டு. எஞ்சினையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்கு, எஞ்சினை அணைக்காதே, பிரேக்கை மிதித்தபடியே வராதே என்பது எந்த வேன் மேனுவலிலும் இருக்கிற எச்சரிக்கை. காரணம் எளிது. பிரேக் மிதிக்கு உதவி செய்யும் வேக்கம் எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும்; அணைத்தால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு போகும். வீட்டையே சுமந்து வருகிற வண்டிக்கு இது இரட்டிப்பு ஆபத்து. நண்பர் இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, அவசரமில்லாமல் இறக்கினார். கீழே வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தோம். கதகதப்பு மட்டும்தான்.

மேனுவலைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் 1968இல் மகனைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் நாட்டைக் கடந்த பயணத்தை 1974இல் புத்தகமாக எழுதினார். பிழைப்புக்குக் கணினிக் கையேடுகள் எழுதியவர் அவர். வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளவே விரும்பாத பயணத் தோழர்களைப் பற்றி அதில் நிறைய யோசிக்கிறார். ஜான் மியூர் என்பவர் 1969இல் ஃபோக்ஸ்வேகன்காரர்களுக்காக, ஒன்றும் தெரியாதவனும் தன் வண்டியைத் தானே சரிசெய்யும்படி ஒரு கையேடு எழுத, வேனில் வீடு கட்டிச் சுற்றிய ஒரு தலைமுறையே அதை வைத்துக்கொண்டு ஓடியது. நல்ல கையேடு எழுதுவது பெரிய எழுத்து வேலை என்று அங்கே மதிக்கிறார்கள். தமிழில் அப்படி எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம், கேட்கத்தான் ஆளில்லை. கூரையில் சோலார் மாட்டுகிற கடைக்காரர் எழுத வேண்டாம் என்று நினைக்கிறார், வாங்குகிறவரும் கேட்பதில்லை. சட்டம் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 84ஆம் பிரிவில், சரியாகப் பயன்படுத்தப் போதுமான வழிமுறையும் தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையும் தராத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தெளிவாகவே இருக்கிறது. அதைத் தமிழிலும் கொடுங்கள் என்று பாடி பில்டர்களிடம் நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

நண்பர் வண்டியை வாங்கிவிட்டார். தம்பி கேட்ட விலையில் பெரிதாகக் குறைக்கவும் இல்லை. அந்த நோட்டுக்கே ஒரு விலை உண்டு என்றார். எனக்கும் அதுவே தோன்றியது.

எல்லா வண்டியோடும் மஞ்சப்பை வராது. வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேர்த்துவிடுங்கள். சேஸிஸ் நம்பரைச் சொன்னால் வேன் கம்பெனி டீலரின் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் மேனுவலுக்கு வழி சொல்வார்கள். குளிர்பெட்டி, இன்வெர்ட்டர், கன்ட்ரோலர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தகட்டில் மாடல் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டால் அந்தந்தக் கம்பெனியின் கையேட்டைத் தேடி எடுத்துவிடலாம். உள்வேலை செய்த பாடி பில்டர் உயிரோடு, கடையோடு இருந்தால் ஒரு நடை போய் வயரிங் படம் வரைந்து வாங்குங்கள். விற்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து ஆன பிறகு அவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

விற்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு ஒதுங்க வைக்கும்போது அந்தத் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பின் ஒரு குடும்பம் அந்த வண்டிக்குள் தூங்கப் போகிறது. பெயர் மாற்றத்துக்கான பார்ம் 29லும் 30லும் கையெழுத்துப் போடுகிற மேசையிலேயே, சாவியோடு அந்தப் பையையும் கொடுத்துவிடுங்கள்.